என்ன நல்லா இருந்துச்சு, டீச்சர்?

நெல்லிக்குப்பத்தில் ஒரு பிள்ளை தமிழைப் பிசகாகப் பேசினால் திருத்துவதற்கு ஊரே இருக்கிறது. 'நேத்து வருவேன்' என்று சொன்னால் அக்கா சிரிப்பாள். 'வந்தேன்னு சொல்லுடி' என்று ஆயா எடுத்துக் கொடுப்பார். பெட்டிக்கடைக்காரர்கூட 'நேத்தா, நாளைக்கா?' என்று திருப்பிக் கேட்பார். ஐந்து வயதுக்குள் தமிழ் அவ்வளவு சரளமாக வந்துவிடுவதில் இந்த ஓயாத திருப்பிக் கேட்டலுக்கும் பங்கு உண்டு. ஆங்கிலத்துக்கு இங்கே அப்படி யாரும் கிடையாது. அப்பா கரும்பு வெட்டப் போகிறவர், இல்லையென்றால் ஆலைக்கு லோடு அடிக்கிறவர். அம்மா பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போகிறவர். வீட்டில் டிவி இருக்கிறது, போன் இருக்கிறது. ஆனால் பிள்ளை வாயைத் திறந்து சொன்ன ஓர் ஆங்கில வாக்கியம் சரியா, பிசகா, புரிந்ததா என்று சொல்வதற்கு ஆள் இல்லை. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் வகுப்பில் நிற்கிற டீச்சர்தான்.

இந்தப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆங்கிலமும் எடுக்கிறவள் நான். பாராட்டைப் பற்றி எனக்கு இருக்கிற அக்கறை இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அம்மா அப்பா இருவரும் ஆங்கிலம் பேசுகிற வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பில் கிடைக்கிற 'வெரி குட்' கொஞ்சம் கூடுதல் சந்தோஷம். எங்கள் பிள்ளைக்கு அதுதான் தகவல். தான் சரியான வழியில் போகிறோமா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு எந்த வாசலும் கிடையாது. அந்தத் தகவல் வெறுமையாக வந்தால் அவள் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரு நாள் படம் பார்த்து நான்கு வாக்கியம் சொன்னாள். யானைப் படம். பள்ளிக்கு வந்திருந்த விருந்தினர் மனம் நிறைந்து 'வெரி குட், வெரி குட்' என்று முதுகைத் தட்டிக் கொடுத்தார், எல்லோரும் கைதட்டினார்கள். அவர் போன பிறகு அவள் என் மேசைக்கு வந்து நின்றாள். "என்ன நல்லா இருந்துச்சு, டீச்சர்?" என்று கேட்டாள்.

அடக்கத்துக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. சத்தமாகச் சொன்னதா? 'எலிபன்ட்' என்ற பெரிய வார்த்தையைச் சொன்னதா? நேராக நின்றதா? நான் சொன்னேன்: "'த எலிபன்ட் இஸ் பிக்'னு சொன்ன பாரு, அதுல 'இஸ்'ஸ விடாம சொன்ன. அது நம்ம தமிழ்ல கிடையாது. 'யானை பெருசு'ன்னுதான் சொல்லுவோம். இங்கிலீஷ்ல நடுவுல ஒண்ணு வரணும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு." அவள் முகத்தில் வந்தது வெட்கம் கலந்த சந்தோஷம் இல்லை, யோசனை. அடுத்த ஒரு வாரம் பார்க்கிற எல்லாவற்றுக்கும் 'இஸ்' போட்டாள். 'த பேக் இஸ் ஹெவி', 'டீச்சர் இஸ் கம்', 'ஐ இஸ் ஹேப்பி'. இதில் இரண்டு பிசகு. எனக்கு மூன்றுமே சந்தோஷம்.

ஏன் என்று சொல்கிறேன். 1958-இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் சின்னப் பிள்ளைகளிடம் ஓர் எளிய சோதனை செய்தார். உலகத்தில் இல்லாத ஒரு குருவி மாதிரியான உருவத்தை வரைந்து அதற்கு 'வக்' என்று பெயர் வைத்தார். 'இது ஒரு வக். இப்போது இன்னொன்று வந்துவிட்டது. இப்போது இரண்டு...' என்று நிறுத்தினார். பிள்ளைகள் 'வக்ஸ்' என்று முடித்தார்கள். அந்தச் சொல்லை அவர்கள் அதற்கு முன் கேட்டிருக்கவே முடியாது. ஆக, கேட்டதைத் திருப்பிச் சொல்வது மட்டும் மொழி கற்றல் இல்லை, பிள்ளை உள்ளுக்குள்ளே விதியைக் கண்டுபிடிக்கிறது என்பது அதிலிருந்து தெளிவானது. ஆங்கிலேயக் குழந்தைகளே 'வென்ட்' என்பதற்குப் பதிலாக 'கோட்' என்று சில காலம் சொல்லுவார்கள். 'வாக்', 'வாக்ட்' என்று வருகிறது என்றால் 'கோ', 'கோட்' என்றுதானே வர வேண்டும்? அந்தப் பிசகு, பிள்ளை விதியைப் பிடித்துவிட்டது என்பதற்கு அடையாளம். 'ஐ இஸ் ஹேப்பி'யும் அதே வகை. அங்கே அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியது சிவப்பு மைச் சுழி இல்லை. "நடுவுல 'இஸ்' மாதிரி ஒண்ணு வேணும்னு சரியா கண்டுபிடிச்ச. 'ஐ'க்கு மட்டும் அது 'ஆம்' ஆயிடும்" என்ற இரண்டு வரி. பாராட்டும் திருத்தமும் ஒரே மூச்சில் வந்தும் ஒன்றையொன்று அழிக்காத இடம் அது.

அந்த இரண்டு வரியைச் சொல்ல, பிள்ளை என்ன செய்தது என்று கவனித்திருக்க வேண்டும். 'வெரி குட்' சொல்ல அந்தக் கவனம் தேவையே இல்லை. நோட்டைப் பார்க்காமல், அடுத்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம். பிள்ளைகளுக்கு அது தெரிந்துபோகும், அதுவும் சீக்கிரம் தெரிந்துபோகும்.

கையெழுத்து விஷயத்தைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. நம் ஊர் ஆங்கில வகுப்புகளில் அதிகப் பாராட்டு வாங்குவது எது என்று கவனித்துப் பாருங்கள். பேச்சு இல்லை, வாசிப்பு இல்லை, கையெழுத்து. நான்கு கோட்டு நோட்டில் சாய்வெழுத்தை அச்சுப் போல் எழுதுகிற பிள்ளைக்கு நட்சத்திரம், 'குட்', சில நேரம் வகுப்பு முழுவதும் நோட்டைக் காட்டிக்கொண்டு ஓர் ஊர்வலம். 'முத்து முத்தா எழுதியிருக்கா.' நோட்டை மூடிவிட்டு அந்த வரியை வாசிக்கச் சொன்னால் பல பிள்ளைகளால் முடியாது. கரும்பலகையில் இருந்த வடிவங்களை வரைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அழகான கையெழுத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. விரல்கள் பழகுவதற்கு உழைப்பு வேண்டும், அந்த உழைப்புக்கு மரியாதை உண்டு. ஆனால் பிள்ளைகள் கூர்மையானவர்கள். எதற்கு நட்சத்திரம் விழுகிறதோ அதுதான் ஆங்கிலம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எழுத்து கோணலாக இருந்தாலும், 'மை கோட் ஹேஸ் டூ பேபி' என்று தன் வீட்டு ஆட்டைப் பற்றித் தானாக யோசித்து எழுதிய பையன், நட்சத்திரம் இல்லாத நோட்டைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் கரும்பலகையைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடுகிறான். தன் ஆட்டைப் பற்றி எழுதுவதால் ஒன்றும் கிடைப்பதில்லை என்று அவனுக்கு யாரும் வாயால் சொல்லவில்லை, நட்சத்திரம் சொல்லிவிட்டது. என் வகுப்பில் இப்போது வழக்கம் இதுதான்: பார்த்து எழுதியதற்கு ஒரு டிக் மட்டும். சொந்தமாக எழுதிய ஒரு வரிக்கு, அது எவ்வளவு கோணலாக இருந்தாலும், அந்த வரியைப் பற்றி ஏதாவது சொல்லாமல் நோட்டைத் திருப்பித் தருவதில்லை. "டூ பேபியா? ரெண்டும் கெடாவா, பெட்டையா?" என்று கேட்டால்கூடப் போதும்.

அந்தக் கேள்வி பாராட்டா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அதுதான் இருப்பதிலேயே பெரிய பாராட்டு என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை காலை ஒரு பையன் "யெஸ்டர்டே ஐ கோ டு கடலூர்" என்கிறான். 'வெரி குட், உட்கார்' என்றால் அவன் சொன்ன விஷயம் அங்கேயே செத்துப்போகிறது. 'கோ இல்ல, வென்ட்' என்று மட்டும் சொன்னால், அவன் கடலூர் போனதில் டீச்சருக்கு அக்கறை இல்லை என்று ஆகிறது. "ஓ, யூ வென்ட் டு கடலூர்! சில்வர் பீச் போனீங்களா? அலை பெருசா இருந்துச்சா?" என்றால், தான் ஆங்கிலத்தில் சொன்ன ஒன்று இன்னொரு மனிதருக்குப் போய்ச் சேர்ந்து, அவர் பதில் கேட்கிறார் என்று அவனுக்குத் தெரிகிறது. மொழி அதற்குத்தானே இருக்கிறது. இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1997-இல் ராய் லைஸ்டர், லைலா ராந்தா என்ற இருவர் கனடாவில் பிரெஞ்சு வழியில் படிக்கிற பிள்ளைகளின் வகுப்புகளை ஆராய்ந்தார்கள். ஆசிரியர்கள் அதிகம் பயன்படுத்துவது இப்படிச் சரியான வடிவத்தைப் பதிலுக்குள் வைத்துச் சொல்கிற முறையைத்தான். ஆனால் பிள்ளைகள் அதைத் திருத்தம் என்று கவனித்துத் திருப்பிச் சொல்வது மற்ற முறைகளைவிடக் குறைவு என்று கண்டார்கள். ஆகவே மறுநாள் அந்த 'வென்ட்'டைத் தனியாகக் கொண்டுவந்து எல்லோருக்குமாக ஒரு முறை விளையாடிவிட வேண்டும். அவன் பெயரைச் சொல்லாமல்.

எங்கள் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. 1842-இல் தொடங்கிய சர்க்கரை ஆலை இங்கே இருக்கிறது, பாரி ஆலை என்றால் கடலூர் மாவட்டத்தில் தெரியாதவர் இல்லை. அறவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும், ஊரெல்லாம் பாகு வாசனை அடிக்கும். அந்த ஆலையைச் சுற்றி ஆங்கிலச் சொற்கள் இந்த ஊர் வாயில் பல தலைமுறையாகப் புழங்குகின்றன. பேக்டரி, ஷிப்ட், டன், லோடு, டிரெய்லர், டோக்கன், சீசன், கட்டிங் ஆர்டர். பள்ளிக்கூடம் போகாத பாட்டிகூட 'கட்டிங் ஆர்டர் வந்துடுச்சா?' என்று கேட்பார். ஆங்கிலம் என்றால் புத்தகத்தில் இருக்கிற ஆப்பிளும் இக்லூவும் என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், தங்கள் வீட்டில் அது ஏற்கெனவே திண்ணையில் உட்கார்ந்திருப்பது தெரியாமல்.

ஒரு பருவத் தொடக்கத்தில் பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து ஆளுக்கொரு ஆங்கிலச் சொல் கொண்டுவரச் சொன்னேன். புத்தகத்திலிருந்து எடுக்கக் கூடாது, வீட்டில் யாராவது வாயால் சொன்னதாக இருக்க வேண்டும். அதுவரை ஆங்கில வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் 'கட்டிங் ஆர்டர்' கொண்டுவந்தான். அவன் அப்பா இரண்டு ஏக்கர் கரும்பு வைத்திருக்கிறார். அப்படி என்றால் என்னவென்று நான் கேட்டதும் நின்றுகொண்டே நீளமாகச் சொன்னான்: கரும்பு முத்தியதும் ஆலைக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், பதிவு வரிசைப்படி எந்தத் தேதியில் வெட்டலாம் என்று சொல்லுவார்கள், அது வந்த பிறகுதான் ஆள் சொல்லுவார்கள், தள்ளிப்போனால் கரும்பு காய்ந்து எடை குறையும். விஷயம் முழுவதும் தமிழில்தான் சொன்னான். நான் கரும்பலகையில் 'கட்' என்று எழுதி, "இந்தப் பாடத்துல 'கட் த பேப்பர்'னு வருது. நீ கொண்டுவந்த கட்டிங்ல இருக்கிற கட்டுதான் இது. இந்த வார்த்தைய வகுப்புக்குக் கொண்டுவந்தது நீ" என்றேன். மிகை ஒன்றும் இல்லை, நடந்ததைத்தான் சொன்னேன். அவன் அன்றைக்கு 'கட் த கேன்' என்று ஒரு வாக்கியம் செய்தான். வகுப்பில் பாதிப் பேருக்கு 'கேன்' என்றால் தண்ணீர் கேன். கரும்புக்கும் கிட்டத்தட்ட அதே சத்தத்தில் ஆங்கிலச் சொல் இருப்பதை அவனே விளக்கினான், வீட்டில் கேட்டு வந்திருக்கிறான்.

பிள்ளையைப் புகழ்வதில் நம் வீடுகளுக்கு ஒரு தயக்கம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஓர் ஆயா பள்ளிக்கே வந்து, "அது நல்லா படிக்குதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லாதீங்க டீச்சர், கண்ணு பட்டுடும்" என்றார். வீட்டில் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். அவரை மறுத்துப் பேச எனக்குத் தோன்றவில்லை. ஒரே பிள்ளையை நாலு பேர் முன்னால் தூக்கித் தூக்கி வைத்தால் மற்ற பிள்ளைகளின் பார்வை மாறுவது உண்மை. 'டீச்சர் செல்லம்' என்ற பட்டம் வந்து சேரும், அடுத்த முறை தெரிந்த பதிலுக்கும் அந்தப் பிள்ளை கை தூக்காது. அன்றிலிருந்து அந்த ஆயாவின் பேத்தியிடம் சொல்ல வேண்டியதை அவள் பக்கத்தில் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்கிறேன். கூச்சமுள்ள பிள்ளைகள் பலருக்கு இதுவே தோதாக இருக்கிறது. கைதட்டல் வேண்டாம் என்று சொல்லவில்லை. மழைத் தட்டல், விரல் தட்டல் என்று பிள்ளைகள் அதை விளையாட்டாகவே விரும்புகிறார்கள். எல்லோரும் சேர்ந்து செய்த ஒன்றுக்கு, ஒரு பாட்டோ நாடகமோ முடிந்ததும் அது பொருத்தம்.

ஆனால் தமிழில் பிள்ளையைப் புகழும் வழக்கம் இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகையே வைத்திருக்கிறோம். ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் அவற்றில் மிகப் பழையது. பாட்டுடைத் தலைவன், நம் சிதம்பரம் கோயிலுக்குப் பெரும் திருப்பணி செய்த இரண்டாம் குலோத்துங்கன். அந்த வகையின் அமைப்பைப் பாருங்கள். பத்துப் பருவம். ஒரு காலை மடக்கி, கையூன்றி, தலையை நிமிர்த்தி ஆடுகிற மாதத்துக்குச் செங்கீரை. இரண்டு கையையும் சேர்த்துத் தட்டுகிற மாதத்துக்குச் சப்பாணி. தளர்நடை போட்டு வருகிற மாதத்துக்கு வருகை. புகழுக்குக் குறைவே இல்லை, அரசனையும் தெய்வத்தையும் பாடுகிற புகழ் அது. இருந்தாலும் இந்த மாதிரிப் பருவம் ஒவ்வொன்றும் அந்த மாதத்தில் அந்தக் குழந்தையின் உடம்பு புதிதாகச் செய்யக் கற்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. தலை நிமிர்த்துகிற மாதத்தில் யாரும் 'ஏன் இன்னும் நடக்கவில்லை' என்று கேட்பதில்லை. ஆங்கிலம் கற்கிற பிள்ளைக்கும் அப்படி ஒரு பருவக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். முதலில் கேட்டு, தலையாட்டுகிற காலம். பிறகு ஒற்றைச் சொல். பிறகு இரண்டு சொல். 'ஸ்கூல்' என்பதற்கு முன்னால் ஓர் 'இ' போடாமல் சொல்லுகிற நாள். 'ஃபேன்' சொல்லும்போது மேல்பல் கீழுதட்டில் படுகிற நாள். புரியாததைப் புரியவில்லை என்று ஆங்கிலத்திலேயே கேட்கிற நாள். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பெயர் சொல்லிப் பாராட்டத் தகுந்தது. கடைசியாகச் சொன்னதற்கு நான் கொஞ்சம் கூடுதலாகவே சந்தோஷப்படுவேன்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு இந்தப் படிக்கணக்கு புதிது இல்லை. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றலில் சுவரில் ஓர் ஏணி இருக்கும். பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறது, அடுத்து எந்த அட்டை என்று தானே பார்த்துக்கொள்ளும். கீழ்மட்டக் கரும்பலகை ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் எட்டும். இப்போது எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள். பெயர்கள் அழகு. ஒரே ஒரு விஷயத்தில் டீச்சர்கள் கவனமாக இருக்க வேண்டும்: 'நீ அரும்புதானே' என்று பக்கத்துப் பிள்ளை சொல்லத் தொடங்கினால் அந்த அழகு போய்விடும். அரும்பு நிலையில் இருக்கிற பிள்ளையை மலரோடு ஒப்பிட்டுச் சொல்கிற பாராட்டு எதுவும் நிற்பதில்லை. "போன வாரம் 'டாக்'னு நிறுத்தின, இப்ப 'த டாக் இஸ் ரன்னிங்' வரைக்கும் வந்துட்ட" என்று அந்தப் பிள்ளையின் போன வாரத்தோடு ஒப்பிட்டுச் சொன்னால் அது நிற்கும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. அதன் 17-ஆம் பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் வதைப்பதையும் தடை செய்கிறது. வர வேண்டிய சட்டம். ஆனால் பிரம்பு போன இடத்தில் பல வகுப்புகளில் பாராட்டு வந்து உட்கார்ந்துகொண்டு பிரம்பு செய்த வேலையைச் செய்கிறது. 'யாரு கை கட்டி வாய் பொத்தி உட்கார்ந்திருக்காங்க? அவங்கதான் குட் கேர்ள்.' அறுபது கண்கள் உடனே நிமிரும், அறை அமைதியாகும். மொழி வகுப்பில் அமைதிக்குக் கிடைக்கிற 'குட்' என்ன கற்றுத் தருகிறது என்று யோசியுங்கள். பேசுவதற்காக ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, பேசாமல் இருந்ததற்குப் பரிசு தருகிறோம்.

ஆய்வுகளில் இரண்டு மூன்று என் மனதில் தங்கியிருக்கின்றன. பழையது 1925-இல் எலிசபெத் ஹர்லாக் செய்தது. பிள்ளைகளைப் பிரித்து, தினமும் கணக்குப் போடச் சொல்லி, ஒரு குழுவை எல்லோர் முன்னாலும் பாராட்டினார், ஒரு குழுவைக் கண்டித்தார், மூன்றாவது குழுவை அதே அறையில் உட்கார வைத்துக் கண்டுகொள்ளவே இல்லை. பாராட்டப்பட்டவர்கள் அதிகம் முன்னேறினார்கள் என்பது யாரும் ஊகிப்பது. கண்டுகொள்ளப்படாதவர்கள், திட்டு வாங்கியவர்கள் அளவுக்குக்கூட முன்னேறவில்லை. கடைசி வரிசை ஜன்னலோரத்தில் நல்ல பிள்ளையாக, சத்தமில்லாமல், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு இந்த ஆய்வு வலிக்கிறது. நாள் முடிவில் வருகைப் பதிவேட்டை எடுத்து, இன்று யாரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று பார்த்துக்கொள்கிற பழக்கம் அப்படித்தான் வந்தது. மறுநாள் அவர்களிடமிருந்துதான் தொடங்குவேன்.

இன்னொன்று 1998-இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் செய்தது. ஐந்தாம் வகுப்பு வயதுப் பிள்ளைகள் ஒரு புதிரை முடித்ததும் சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றார்கள், சிலரிடம் 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றார்கள். அடுத்துக் கடினமான புதிர் வந்து தோற்றபோது, புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் சீக்கிரம் மனம் விட்டார்கள், தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். இந்தக் கருத்தைச் சுற்றிப் பிறகு வந்த பயிற்சித் திட்டங்கள் எவ்வளவு பலன் தருகின்றன என்பதில் விவாதம் நடக்கிறது. ஆனால் 'இவளுக்கு இங்கிலீஷ் தானா வருது' என்று நாலு பேர் சொல்லிக் கேட்ட பிள்ளை, ஆறாம் வகுப்பில் பெரிய பள்ளிக்குப் போய், தன்னைவிட நன்றாகப் பேசுகிற பிள்ளைகளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வதை இந்த ஊரில் யாரும் பார்க்கலாம்.

2014-இல் நெதர்லாந்தில் எடி புரும்மெல்மன் குழுவினர் செய்தது எங்கள் வகுப்புக்கு இன்னும் நெருக்கம். பிள்ளைகள் வான்கோவின் காட்டு ரோஜா ஓவியத்தைப் பார்த்து வரைந்தார்கள். ஓர் ஓவியரிடமிருந்து வந்ததாகச் சொல்லி, சிலருக்கு 'அழகாக வரைந்திருக்கிறாய்' என்றும், சிலருக்கு 'நம்பவே முடியாத அழகு' என்றும் சீட்டு கொடுத்தார்கள். அடுத்து எளிதான படமா, கடினமான படமா என்று பிள்ளைகளே தேர்ந்தெடுக்கலாம். தன்மேல் நம்பிக்கை குறைந்த பிள்ளைகள், அந்த மிகையான பாராட்டைக் கேட்ட பிறகு எளிதானதற்கே போனார்கள். அவ்வளவு உயரத்தில் வைக்கப்பட்ட பிறகு மறுபடியும் அங்கே எட்ட முடியுமா என்ற பயம். பயந்த பிள்ளையைப் பார்த்தால்தான் நமக்கு 'சூப்பரோ சூப்பர்' என்று வாரி வழங்கத் தோன்றும். அந்தப் பிள்ளைக்குத்தான் அளவான சொல் அதிகம் தேவை.

பாராட்டை எந்த மொழியில் சொல்வது? 'வெல் டன்', 'நைஸ் ட்ரை' எல்லாம் பிள்ளைகள் காதில் விழட்டும், அதுவும் மொழிதான். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும் பழகுகிறார்கள். ஆனால் எது நன்றாக இருந்தது என்ற விவரத்தைத் தமிழில் சொல்லிவிடுகிறேன், தயக்கமே இல்லாமல். ஆங்கில வகுப்பில் தமிழ் கூடாது என்று நினைக்கிறவர்களோடு எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பிள்ளைக்குப் புரியாத மொழியில் பிள்ளையின் முன்னேற்றத்தைச் சொல்லி யாருக்கு லாபம்?

நோட்டிலும் அப்படித்தான். 'குட்' என்ற சொல்லைப் படிக்கத் தெரியாத அம்மாக்களும் அதன் வடிவத்தை அடையாளம் கண்டு சந்தோஷப்படுகிறார்கள். அந்தச் சந்தோஷத்தை ஏன் அங்கேயே நிறுத்த வேண்டும்? வாரம் ஒரு முறை, நோட்டின் ஓரத்தில் தமிழில் ஒரு வரி எழுதுகிறேன்: 'இந்த வாரம் பார்க்காமல் மூன்று வாக்கியம் சொந்தமாக எழுதினான். படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.' முந்திரி உடைத்துவிட்டு, விரல் நுனியெல்லாம் பால் பட்டுக் கறுத்த கையோடு வருகிற அம்மா அதைப் படிக்கிறார். பையனை உட்கார வைத்துக் கேட்கிறார். ஆங்கிலம் அவருக்குப் புரிய வேண்டியதில்லை, மூன்று வாக்கியம் வருகிறதா என்று எண்ணத் தெரிந்தால் போதும். ஒரு தாய் என்னிடம் வந்து, "மூணுதான் எழுதினீங்க டீச்சர், அவன் நாலு சொன்னான்" என்றார். வீட்டிலும் கேட்க ஒரு காது கிடைத்துவிட்டது அந்தப் பையனுக்கு.

ஐந்தாம் வகுப்பு முடிகிறபோது ஒன்று நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். எது நன்றாக வந்திருக்கிறது என்று பிள்ளையே சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு வேறு பள்ளி, வேறு ஆசிரியர். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். ஆகவே மூன்றாம் பருவத்தில் பாராட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு, நோட்டை வாங்கியதும் கேள்வியை அவர்களிடமே திருப்புகிறேன்: "இதுல எது நல்லா வந்திருக்கு, நீயே சொல்லு." தொடக்கத்தில் 'கையெழுத்து' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். விடாமல் கேட்டால் மாறுகிறது. போன வாரம் ஒருத்தி நோட்டைத் திரும்ப வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விரலை ஒரு வரியில் வைத்தாள். "இங்க 'பிகாஸ்' போட்டு ரெண்டு வாக்கியத்த ஒண்ணா சேர்த்திருக்கேன் டீச்சர். யாரும் சொல்லித் தரல. ஸ்பெல்லிங்தான் சந்தேகம்."